பதினேழு நிரையும் ஒரு பூண்டு மரமும்

என் பேத்தி பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிக்கிறாள். கணக்கு என்றதும் கடைக்காரன் துண்டுத்தாளில் கூட்டுகிற கணக்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஏமாந்தேன். போன விடுமுறையில் அவள் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது கை கொள்ளாமல் தாள் கொண்டுவந்தாள். பரீட்சைக்கு முன்னால் பழகிப் பார்க்க வாத்தியார் கொடுத்த கேள்விகளாம். எனக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும்; மரம் எண்ணியே வயதானவள் நான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எண்ணையே காணோம். எல்லாம் எழுத்து, நடுநடுவே கொக்கி கொக்கியாக ஏதோ.

"ஏன்டி, கணக்குன்னு சொன்னியே, எண்ணு எங்க?"

"எண்ணெல்லாம் சின்னப் புள்ளைங்களுக்கு பாட்டி. எங்களுக்கு ஏன்னு கேட்டா ஏன்னு சொல்லணும், அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்காகத் திட்டு வாங்கின காலம் எங்களுடையது. இவளுக்கு அதற்கு மார்க் போடுகிறார்கள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். எங்கேயாவது பராக்குப் பார்த்துக்கொண்டு போனால், "பாட்டி, லைனுக்கு வாங்க லா" என்கிறாள். வருகிறேன்.

அவள் சும்மா வரவில்லை. என்னைக் கண்காணிக்க என் மகன் அனுப்பிய ஆள் அவள். மகன் ரஹாங்கில் பிளாட்டில் இருக்கிறான், செண்டாயானில் பேக்டரி வேலை. நான் மட்டும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தனியாக. எட்டு வீட்டு லயத்தில் மூன்று வீட்டில்தான் ஆள். கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. காட்டை வீடு கட்ட விற்றுவிட்டார்கள், ஆனால் இன்னும் இயந்திரம் வரவில்லை. மரங்கள் அப்படியே நிற்கின்றன. அந்த வீட்டில்தான் நான் வாழ வந்தேன். அங்கேயே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ரஹாங்குக்கு வந்துவிட வேண்டும் என்பது மகன் பிடிவாதம். எனக்கு நினைவு தப்புகிறதாம்.

அதற்கு அவன் மூன்று சாட்சி வைத்திருந்தான். ஒன்று, அடுப்பில் வைத்த சட்டியை மறந்து கருக விட்டது. அது யாரும் செய்வதுதான். மருமகள் மாதம் ஒரு தடவை செய்கிறாள், அதை யாரும் எண்ணுவதில்லை. இரண்டு, என் நீலக் கோப்பை. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டின காலத்தில் கோலா கிளாவாங் பசாரில் வாங்கிவந்த எனாமல் கோப்பை அது. கோப்பை ஒன்று வாங்கப் போய், அதோடு ஒரு சேவலும் வாங்கி, அந்தச் சேவல் வழியெல்லாம் லோரிக்குள் கத்தி, சரி, அது வேண்டாம். கோப்பையின் விளிம்பில் எனாமல் பெயர்ந்து பூனைக்காது மாதிரி ஒரு கறுப்பு இருக்கும். அது காணாமல் போனது. நான் பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவதுதான் பெரியது. ஒரு நாள் காலையில் மண் லோரி ஓட்டுகிறவர் என்னைப் பெரிய ரோட்டு ஓரத்தில் பார்த்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். முழங்கால் வரைக்கும் சேறு. விடிந்ததும் கோப்பி கலக்க எழுந்தது நினைவிருக்கிறது. லோரியின் கதவு உயரமாக இருந்தது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அதை நான் யோசிக்க மாட்டேன்.

பேத்தி ஒரு மாதம் கூட இருந்து பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும், அதன்படி முடிவு என்று பேச்சு. நான் அவளுக்குத் தினமும் கோழி வறுத்தேன். அவள் நன்றாகச் சாப்பிட்டாள், ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் தரையில் குப்புறப் படுத்துத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கோலமா என்று கேட்டேன். கேள்வி என்றாள். சொல்லு, நானும் கேட்கிறேன் என்றேன். நிரை நிரையாகப் புள்ளி இருக்கிறது. எத்தனை நிரையோ, ஒவ்வொரு நிரையிலும் எத்தனை புள்ளியோ, இரண்டுமே ஒற்றைப்படை. ஒரு புள்ளியில் ஆரம்பித்து, பக்கத்துப் புள்ளிக்கு மட்டுமே போய், குறுக்கே தாவாமல், எல்லாப் புள்ளியையும் ஒரே ஒரு தடவை மிதித்து, ஆரம்பித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். முடியவே முடியாது, ஏன் என்று காட்டு. இதுதான் கேள்வி.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். பல்கலைக்கழகத்தில் கேட்கிற கேள்வி எனக்குத் தெரிந்த கேள்வியாக இருக்கிறதே.

"முடியாதுன்னு எவன் சொன்னான்? நான் பால் வெட்டுன வெட்டுக்காடு பதினேழு நிரை. நிரைக்குப் பதினேழு மரம். பால் நிறுக்கிற ஸ்டோர் பக்கத்து மரத்துல ஆரம்பிச்சு, ஒரு மரத்தையும் ரெண்டு தடவ தொடாம, அதே மரத்துக்கு வந்து வாளிய எறக்குவேன். முப்பது வருஷம் வெட்டியிருக்கேன்டி."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்து மரத்துக்குத்தான் போவீர்களா, குறுக்கே போகவே மாட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டாள். ஒரு மரத்தையும் விட மாட்டீர்களா என்று மூன்று தடவை கேட்டாள். விட்டால் எங்களை மேய்க்கிற மண்டோர் விடுவானா என்றேன். அவள் முகம் மாறியது. அடுப்படிக்குப் போய்ப் பூண்டும் காய்ந்த மிளகாயும் எடுத்துவந்தாள். மூன்று நிரை, நிரைக்கு மூன்று. பூண்டு, மிளகாய், பூண்டு. அடுத்த நிரை மிளகாயில் தொடங்கி. அடுத்தது மறுபடி பூண்டு. அஞ்சு பூண்டு, நாலு மிளகாய்.

"பாருங்க. பூண்டுலேர்ந்து எந்தப் பக்கம் கால் வெச்சாலும் மிளகாதான். மிளகாலேர்ந்து வெச்சா பூண்டுதான். மாத்தி மாத்தித்தான் மிதிக்க முடியும். அப்படிச் சுத்தி ஆரம்பிச்ச எடத்துக்கே வரணும்னா ரெண்டும் சமமா இருக்கணும். இங்க ஒரு பூண்டு கூட. அப்பறம் எப்படி?"

நான் விரலை வைத்துப் பார்த்தேன். இப்படிப் போனேன், அப்படிப் போனேன். ஒரு பூண்டு மிஞ்சியது. மறுபடி பார்த்தேன். வேறு பூண்டு மிஞ்சியது. எவ்வளவு அழகான வேலை என்று ஒரு பக்கம் மகிழ்ச்சி. இன்னொரு பக்கம், பதினேழுக்கும் இதேதான் பாட்டி என்று அவள் மெதுவாகச் சொன்னதும் விரலைப் பூண்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மகன் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்றான். நானே முந்திக்கொண்டு பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மகளிடம் கேட்டான்.

"அப்படி நடக்கவே முடியாதாம்மா?"

"முடியாதுப்பா."

"முப்பது வருஷம் நடந்தேன்னு பாட்டி சொல்றாங்க. அம்மா, நான் கொற சொல்லல. இதத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

இப்படியாக மூன்று சாட்சி நான்காயிற்று. நாலாவதைக் கொண்டுவந்து கொடுத்தவள் நானே. அன்று பூண்டையும் மிளகாயையும் சட்டினிக்கு அரைத்துவிட்டேன், பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் பூட்ஸைப் போட்டேன். "வா, நடந்து காட்டுறேன்" என்றேன். அவள் ஒரு வெள்ளைச் சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டாள். நான் தொடுகிற முதல் மரத்துக்கு வட்டம், அடுத்ததற்குப் பெருக்கல் குறி, மறுபடி வட்டம். வட்டம் பூண்டு மரம், பெருக்கல் மிளகாய் மரம். எண்ணிக்கொண்டே பின்னால் வருவாள்.

அந்தக் காட்டுக்குள் நீங்கள் போனதில்லை என்றால் சொல்கிறேன். நல்ல வெயிலிலும் உள்ளே பச்சை வெளிச்சம்தான், தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மரங்கள் நேர் கோட்டில் நிற்கும். ஒரு அடி நகர்ந்தால் கோடும் கூடவே நகரும். பால் பிடிக்கிற மங்குகள் இன்னும் கம்பியில் தொங்கின. எல்லாவற்றிலும் அழுகின இலை, கறுப்புத் தண்ணீர், கொசுப்புழு. அது கித்தாக் கொட்டை வெடிக்கிற மாதம். எங்கேயோ உயரத்தில் டப் என்று வெடிக்கும், கொஞ்சம் பொறுத்து வேறு எங்கேயோ விழும். வெடித்த இடமும் விழுந்த இடமும் ஒன்றாக இருக்காது.

நான் யோசிக்கவே இல்லை. காலை மட்டும் விட்டுவிட்டேன். முதல் நிரையில் கோடி வரைக்கும் போய், அடுத்த நிரையில் திரும்பி, ஓரத்து மரத்துக்கு ஒரு மரம் முன்னாலேயே அடுத்த நிரைக்கு மாறி, இப்படியே மாடு உழுகிற மாதிரி. கடைசி இரண்டு நிரையை மட்டும் சேர்த்துத் தைத்துக்கொண்டு வருவேன். இதில் இரண்டு, அதில் இரண்டு. பிறகு முன்னே விட்டுவைத்த ஓரத்து மரங்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டே ஸ்டோர் பக்கம் ஏறி, ஆரம்பித்த மரம்.

இந்த வழியை என் மாமியார் காட்டினார். வெட்டுக்காடு கை மாறும்போது ஏழு நாள் பெரியவர் முன்னால் வெட்டிக்கொண்டு போவார், புதியவள் வெறுங்கையோடு பின்னால் போக வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. பேசாமல் என் காலைப் பார்த்துக்கொண்டு வா என்பார். நானும் மரத்தைப் பார்க்கவில்லை, அவர் காலைத்தான் பார்த்தேன். பித்த வெடிப்பு ஒவ்வொன்றும் இன்றைக்கும் எனக்குத் தெரியும். எட்டாம் நாள் நான் தனியாகப் போனேன், என் கால் அவர் கால் மாதிரியே போயிற்று. அவருக்கு யார் காட்டினார் என்று கேட்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஆரம்பித்த மரத்தில் கை வைத்தேன். விழுந்த மரங்களின் அடிக்கட்டைக்குக்கூட அவள் குறி போட்டிருந்தாள். "ஒரு மரத்தையும் ரெண்டு தடவ தொட்டேனா?" என்றேன். இல்லை என்றாள். "குறுக்கே போனேனா?" இல்லை. "அப்பறம்?"

"இருநூத்தி எம்பத்தெட்டு பாட்டி. வட்டம் பாதி, பெருக்கல் பாதி. சரியா இருக்கு. ஆனா பதினேழு பதினேழா இருந்தா இருநூத்தி எம்பத்தொம்பது வரணும். நீங்க ஒரு மரம் தப்பா எண்ணியிருக்கீங்க."

அது மண்டோர் எண்ணிச் சொன்னது, ஆபீஸ் கிராணி ஏட்டில் எழுதினது, தப்பாது என்றேன். சரி, நிரை நிரையாக எண்ணலாம் என்றாள். ஒவ்வொரு நிரையின் கோடியிலும் நின்று அவள் எண்ணினாள். பதினேழு. பதினேழு. பதினேழாவது நிரையும் பதினேழு. நடந்தால் ஒன்று குறைகிறது, நின்று பார்த்தால் ஒன்று கூடுகிறது. எங்கேயோ கொட்டை வெடித்தது.

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள், குறி இல்லாத மரம் ஒன்று இருக்க வேண்டும், அது பூண்டு மரமாகத்தான் இருக்க வேண்டும், மிளகாய் நிற்க வேண்டிய இடத்தில் தேட வேண்டாம் என்று. பார்க்காமலே எப்படித் தெரியும் என்றேன். கூட இருந்தது பூண்டுதானே என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. காணாத ஒன்றை என்ன வகை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு தேடப் போகிறார்கள். நல்ல படிப்பு.

கடைசி நிரையின் ஓரத்துக்குப் போனவள் நின்றுவிட்டாள். "பாட்டி, இங்க ஒன்னு."

அவள் விரல் நீட்டிய பக்கம் பார்த்தேன். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாயாச் சேற்று ஓரத்துப் புல், வெளிச்சம், அவ்வளவுதான். அவள் என் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். அப்புறம்தான் மரம் வந்தது.

நான் ஓரத்து மரங்களுக்குத் திரும்புகிற இடத்திலிருந்து நாலு எட்டுதான். மற்ற மரங்களைவிட ஒன்றரைப் பங்கு பருமன். மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் உளி பட்டுப் பட்டு முடிச்சு முடிச்சாகத் தழும்பு. இதில் ஒரு கீறல் இல்லை. குழந்தை வயிறு மாதிரி வழவழவென்று பட்டை. முப்பது வருஷம் தினமும் அதன் பக்கத்தில் வந்து திரும்பிப் போயிருக்கிறேன். ஒரு நாளும் அதற்கு மங்கு கட்டவில்லை, ஒரு நாளும் அதைப் பார்த்ததாக நினைவு இல்லை. யாரோ யாருக்கோ விட்டுவைத்த மரம். மாமியார் வாய் திறந்து சொல்லவில்லை, காலால் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நான் பாத்தேன் பாட்டி," என்றாள் பேத்தி. குரல் இறங்கியிருந்தது. "உங்க பின்னால வரும்போது இதப் பாத்தேன். பாத்துக்கிட்டே தாண்டிட்டேன். ஏன்னு தெரியல."

மரத்தைச் சுற்றி மறுபக்கம் போனோம். பட்டைக்குள் பாதி புதைந்த ஒரு பழைய ஆணி. அதில் கம்பி. கம்பியில் என் நீலக் கோப்பை.

விளிம்பில் பூனைக்காது. உள்ளே இலை இல்லை, தண்ணீர் இல்லை, தூசி இல்லை. கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்த கோடு மட்டும் இருந்தது. நான் மங்கு துடைக்கிற விதம் அது. அடியில் சேற்றில் செருப்புத் தடம், ஒன்றின் மேல் ஒன்றாக நிறைய. என் செருப்பின் இடது குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தடமும் சாய்ந்திருந்தது.

"பாட்டி, நீங்க இங்க வந்தீங்களா?"

"இல்ல" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

கோப்பையை எடுத்துக்கொள்ளலாமா என்றாள். வேண்டாம் என்றேன். எப்போது கொடுத்தேன் என்று தெரியாது, ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். திரும்பி நடக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில்கூட அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை.

சாயங்காலம் மகன் போன் பண்ணினான். பேத்தி என்னைப் பார்த்தாள், நான் அடுப்பைப் பார்த்தேன். அவள் சொன்னாள், பாட்டி நடந்தது சரிதான், ஒரு மரத்தை விட்டுவிட்டால் சுற்றி வர முடியும், பாட்டி அப்படித்தான் வந்திருக்கிறார், ஒரு அடிகூடத் தப்பவில்லை என்று. கேள்வித்தாளில் அடுத்த கேள்வியே அதுதானாம், எந்தப் புள்ளியை எடுத்துவிட்டால் முடியும் என்று. நாலு நாளாக அவள் முட்டிக்கொண்டிருந்த கேள்விக்கு என் வழிதான் முதல் விடை. மகன் வெகு நேரம் சிரித்தான். அவனுக்கும் உள்ளுக்குள் நிம்மதி என்று தெரிந்தது. சரி, தீபாவளி வரைக்கும் அங்கேயே இருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றான்.

கோப்பையைப் பற்றி அவள் சொல்லவில்லை. போனை வைத்ததும் ஏன் என்றேன். "கேள்வியில அது இல்லையே பாட்டி" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். கோப்பி கலக்கினேன். என் கோப்பை அங்கே தொங்குகிறது என்பதால் வேறு கோப்பையில் ஊற்றினேன். குடிக்க முடியவில்லை. மறதி எனக்குப் பயமில்லை. சட்டி கருகினால் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் நான் வழி தவறிப் போகவில்லையே. வழி தெரிந்து போயிருக்கிறேன். எத்தனை தடவையோ. ஆணியில் கம்பி கட்டி, கோப்பை மாட்டி, துடைத்து, நின்று, திரும்பி வந்து கோப்பி கலக்கியிருக்கிறேன். என் காலுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. வெட்டாத மரத்துக்கு எதற்குக் கோப்பை? அதில் எது விழ வேண்டும் என்று காத்திருந்தேன்?

"அப்பாவுக்குப் போன் போடு," என்றேன். "நான் ரஹாங்குக்கு வரேன்னு சொல்லு."

"நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே பாட்டி."

"அதனாலதான்டி."

இப்போது நாலாவது மாடியில் இருக்கிறேன். லிப்ட் இருக்கிறது, கீழே நல்ல அப்பம் கிடைக்கிறது, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவிக்கு நான் மலாயில் பேசினால் சிரிப்பு வருகிறது, எனக்கும் வருகிறது. பேத்தி அந்தக் கேள்வியை முழுதாக முடித்துவிட்டாள். எந்தப் பூண்டை எடுத்தாலும் சுற்றி வரலாமாம், எந்த மிளகாயை எடுத்தாலும் முடியாதாம். பரீட்சையில் அது வரவில்லை என்று கோபம் அவளுக்கு.

கூடத்தைத் துடைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சதுரச் சதுரமாகப் பளிங்குக்கல் பதித்த தரை. வாசலில் ஆரம்பித்துக் கல் கல்லாகத் துடைத்து வாசலுக்கே வருவேன். மருமகள் நேற்றுச் சொன்னாள், அத்தை, எல்லாம் நன்றாகத்தான் துடைக்கிறீர்கள், அந்த மூலையில் ஒரு கல்லை மட்டும் தினமும் விட்டுவிடுகிறீர்கள் என்று. எந்தக் கல் என்றேன். அவள் விரலை நீட்டினாள். நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் பிடித்தது.

இதைச் சொன்னதும் பேத்தி தட்டுவதை நிறுத்திவிட்டாள். நான் எண்ணச் சொல்லவில்லை. ஆனாலும் வாசலிலிருந்து மூலை வரைக்கும் அவள் கண் கல் கல்லாகப் போகிறது, உதடு அசைகிறது.

"பூண்டுதான் பாட்டி" என்கிறாள்.